மேஸ்திரி வீட்டு மாடிக்கு நெட் வந்த கதை

ஆரோக்கியசாமி மேஸ்திரி படித்தது ஐந்தாம் வகுப்பு. அதுவும் அரைப் பரீட்சையோடு சரி. ஆனால் ஆம்பூரில் ரயில்வே கேட்டைத் தாண்டி அவர் தெருவுக்குள் நுழைந்து, மாடி வைத்த முதல் வீடு யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திக் கை காட்டுவார். யார் தயவிலும் வந்த வீடு அல்ல அது. எங்கள் பக்கத்தில் தோல் பதனிடும் இடத்தை ஷாப் என்போம். அந்த ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கித் தோல் புரட்டும் கூலியாக ஆரம்பித்தவர், டாக்லிங் பகுதிக்கே மேஸ்திரியாகித்தான் ஓய்வு பெற்றார். டாக்லிங் என்றால் வேறொன்றுமில்லை. உடம்பெல்லாம் ஓட்டை போட்ட பெரிய இரும்புத் தகட்டின்மேல் ஈரத் தோலை விரித்து, நாலு பக்கமும் கிளிப் மாட்டி இழுத்து, சூட்டறைக்குள் தள்ளிக் காயவைக்கிற வேலை. சொல்வது சுலபம். இழுப்பு ஒரு விரற்கடை கூடினால் தோல் கிழியும், குறைந்தால் சுருங்கும். மேஸ்திரியின் காலத்தில் கிழிந்தது என்று ஒரு தோலைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஷாப்பில் புது மெஷின் வந்தபோது அந்தப் பழைய ஓட்டைத் தகடுகளைக் காயலான் கடைக்குத் தள்ளினார்கள். மேஸ்திரி விடுவாரா? வண்டி வைத்து ஏற்றிக்கொண்டு வந்தார். மொட்டை மாடியில் இரும்புத் தூண் நட்டு, மேலே தகரம் போட்டு, நாலு பக்கச் சுவருக்கும் அந்தத் தகடுகளையே இரட்டை இரட்டையாக வைத்து வெல்டிங் அடித்து ஓர் அறை கட்டினார். கொத்தனார் கிடையாது, இஞ்சினியர் கிடையாது. எல்லாம் அவர் கைதான். இரண்டு தகட்டின் ஓட்டையும் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும்படி வைத்ததால் காற்று வரும், சாரல் வராது. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் மாடிக்குக் கூட்டிப் போய்ச் சுவரைத் தட்டிக் காட்டுவார். "ஏழு பூகம்பம் வந்தாலும் அசையாது" என்பார். வந்தவர்களும் தட்டிப் பார்த்துவிட்டு, ஆமாம் என்பார்கள்.

அந்த அறை அவர் மனைவி அமிர்தவள்ளிக்கு. அவள் பாதி ஆயுசை ஷூ கம்பெனியில் தையல் வரிசையில் கழித்தவள். வேலையை விட்டதும் கையில் வந்த பணத்தில் நகை எடுக்கவில்லை, தோல் தைக்கிற கனத்த மெஷின் ஒன்றை எடுத்தாள். கடைசிச் சுவர் வைப்பதற்கு முன்பே கயிறு கட்டி மெஷினை மேலே இழுத்து அறைக்குள் இறக்கிவிட்டார் மேஸ்திரி. வளைந்து வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டு வழியாக அதை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. ஷூ கம்பெனிகளில் மீந்துபோகிற நல்ல தோல் துண்டுகளை வாங்கி, அமிர்தவள்ளி அங்கே உட்கார்ந்து கைப்பை தைத்தாள். பையென்றால் பை. தையலைப் பிரித்துப் பார்க்க நினைத்தால் தோல்தான் கிழியும், நூல் விடாது.

இப்படி இருக்கும்போதுதான் வேலூரில் பைக்கடை வைத்திருக்கும் அலீனா என்கிற பெண்ணின் கண்ணில் அந்தப் பை பட்டது. அலீனா வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனில் லைவ் போடுவாள். கையால் பொருள் செய்கிற ஒருவரை அவரவர் வீட்டிலிருந்தே பேசவைத்து, செய்யவைத்து, தன் வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவாள். பார்த்தவர்கள் அங்கேயே ஆர்டர் போடுவார்கள். ஒரு ஞாயிறு அமிர்தவள்ளியின் முறை.

வெள்ளைப் பூப்போட்ட புடவை கட்டி, மெஷின் பக்கத்தில் பைகளை அடுக்கி, போனைத் துணிக் கூடைமேல் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள் அமிர்தவள்ளி. "எல்லாருக்கும் வணக்கம்" என்றாள். அத்தோடு படம் உறைந்துவிட்டது. வாய் திறந்தபடி, ஒரு கண் பாதி மூடியபடி, பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் அமிர்தவள்ளி சிலையாக நின்றாள். பிறகு அதுவும் போனது.

அலீனா நல்ல பெண். கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் போன் செய்தாள். அமிர்தவள்ளி படிக்கட்டில் வந்து நின்று பேசினாள்.

"பரவால்ல ஆன்ட்டி, அடுத்த ஞாயிறும் உங்களுக்கே குடுக்கறேன். ஆனா அன்னிக்கும் இப்படியே ஆச்சுன்னா, காட்பாடில ஒருத்தங்க காத்துனு இருக்காங்க, அவங்களுக்குக் குடுத்துடுவேன். கோச்சுக்காதீங்க."

"கீழ ஹால்ல உக்காந்து பேசட்டுமாம்மா? அங்க டவர் எடுக்குது."

"மெஷின்?"

"மெஷின் மேலதான்."

"நீங்க தைக்கறத காட்டணும் ஆன்ட்டி. அதுக்குத்தான பாக்கறாங்க."

அமிர்தவள்ளிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மெஷின் இல்லாமல் பையை மட்டும் காட்டினால், எங்கேயோ வாங்கிவந்து விற்கிறவள் என்றுதானே நினைப்பார்கள்? அவளுக்கு வேண்டியது பை விற்பது மட்டும் இல்லை. இத்தனை வருஷம் அவள் தைத்த ஷூவெல்லாம் கப்பலேறிப் போனது, ஒன்றிலாவது அவள் பெயர் இருந்ததா? இந்தப் பையை நான்தான் தைத்தேன் என்று நாலு பேர் பார்க்கச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டினார். "போனு சின்ன சாமான். அதுக்கு இழுக்கிற சக்தி கம்மி. மோட்டார் தண்ணி ஏத்தலைன்னா பெரிய மோட்டார் போடறதில்லையா? நெட்டுக்குன்னே தனியா மோடம்னு ஒண்ணு விக்கிறான். நான் கொண்டாந்து மாட்டறேன், நீ பாரு."

"தெரிஞ்சவங்க யாரையாச்சும் கூட்டினு போங்க."

"எனக்குத் தெரியாததா?"

பஜாரில் இரம் என்கிற பெண் போன் கடை வைத்திருந்தாள். அப்பா ஆரம்பித்த கடையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். மேஸ்திரி உள்ளே போனதும், "வாங்க அங்கிள், உக்காருங்க" என்று ஸ்டூலைத் தள்ளினாள். மேஸ்திரி உட்காரவில்லை.

"இருக்கறதுலயே பெரிய மோடம் ஒண்ணு குடும்மா."

இரம் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தாள். மேஸ்திரிக்கு முகம் தொங்கிப்போனது.

"இன்னாமா, சோப்புப் பெட்டி மாதிரி இருக்குது?"

"அளவப் பாக்காதீங்க அங்கிள். உள்ள சிம் போட்டா பத்து போனுக்கு நெட்டு குடுக்கும். மாசாமாசம் பில்லு வராது, ப்ரீபெய்டு. முன்னாடியே ரீசார்ஜ் பண்ணிக்கலாம். மூணு மாசத் திட்டம் ஒண்ணு இருக்கு, தெனம் ரெண்டு ஜிபி. அது தீந்துட்டா அன்னிக்கு நெட்டு ஆமை மாதிரி போவும், மறுநாள் திரும்ப வந்துரும்."

"தெனம் சோறு அளந்து போடற மாதிரி."

"கரெக்டு அங்கிள், அதே தான்."

சிம்முக்கு ஆதார் கேட்டாள். கொடுத்தார். கட்டைவிரலை ஒரு சின்ன மெஷினில் வைக்கச் சொன்னாள். வைத்தார். மெஷின் சிவப்பு காட்டியது. துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு. வேறு விரல், இடது கை, எல்லாமே சிவப்பு. இரம் அவர் கையைத் திருப்பிப் பார்த்தாள். சுண்ணாம்புத் தொட்டி தின்றது போக மிச்சமிருந்த விரல் நுனிகள் கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தன.

"ரேகையே இல்லையே அங்கிள்."

"ரேகை வெச்சுகினு சும்மா உக்காந்திருக்கறவன் எத்தனையோ பேரு இருக்கான்மா. நான் அதத் தேச்சு வீடு கட்டினவன்."

இரம் சிரித்துவிட்டாள். "வேற வழியும் இருக்கு, கொஞ்சம் பேஜாரு. வீட்ல ஆன்ட்டிய கூட்டினு வாங்க, சீக்கிரம் முடியும்."

சாயங்காலம் அமிர்தவள்ளி வந்தாள். அவள் விரலை வைத்ததும் பச்சை. சிம் அவள் பெயரிலேயே ஆனது. வீடு திரும்பும் வழியெல்லாம், "வீடு என் பேர்ல, லைனு உன் பேர்ல. சரியாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தார் மேஸ்திரி.

மோடத்தைக் கீழே ஹாலில் டிவி மேல் வைத்து, சிம்மைச் செருகி, பொத்தானை அமுக்கினார். பச்சை விளக்கு எரிந்தது, நெட் வரவில்லை. இரமுக்குப் போன் போட்டார். மோடத்துக்குள் சிம் கம்பெனியின் பெயரைச் சரியாக எழுதிவைத்தால்தான் அது எந்த வாசலில் போய் நிற்பது என்று தெரிந்துகொள்ளும், அதற்கு ஏபிஎன் என்று பெயர் என்றாள் இரம். அமிர்தவள்ளியின் போனை மோடத்தோடு இணைத்து அதில் ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லி, எண்களும் புள்ளிகளுமாக ஒன்று சொன்னாள். பிறகு ஆங்கில எழுத்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கண்ணாடி போட்டுக்கொண்டு மேஸ்திரி ஒவ்வொன்றாக அமுக்கினார்.

மேஸ்திரிக்கு ஆங்கிலம் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, தோலில் படித்தார். ஷாப்பில் ஒவ்வொரு தோலின் வால் பக்கத்திலும் ரகம் ஏ, ரகம் பி என்று முத்திரை இருக்கும், கூடவே வாங்கும் கம்பெனியின் பெயர் சுருக்கமும் இருக்கும். வருஷக்கணக்காக அதைப் பார்த்துப் பார்த்தே இருபத்தாறு எழுத்தும் தலைகீழாகப் பாடம். கடைசி எழுத்தை அமுக்கி முடித்ததும் மோடம் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது. அமிர்தவள்ளியின் போனில் டிங் என்றது. அக்கா அனுப்பிய காலை வணக்கங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

"பாத்தியா?" என்றார் மேஸ்திரி.

"பாத்தேன். மேல கொண்டு போய் பாப்போமா?"

"அவசரம் இன்னா? ஞாயித்துக்கெழமைக்குத் தானே."

மேஸ்திரிக்கு அதைவிட முக்கியமான வேலை ஒன்று இருந்தது. தெருவுக்குச் சொல்ல வேண்டும். வாசலில் நின்று, எதிர்வீட்டுத் துரைசாமியைக் கூப்பிட்டார். துரைசாமி கிராமத்தில் நிலத்தை விட்டுவிட்டு வந்து ஷூ கம்பெனியில் வாட்ச்மேனாக இருப்பவர். மேஸ்திரியின் வயதுதான், மேஸ்திரியை விடாமல் சீண்டுவதற்கென்றே பிறந்தவர்.

"துரைசாமி, நம்ம வீட்ல வைஃபை வந்துருச்சி. நானே மாட்டினேன். வேணும்னா நீயும் புடிச்சிக்க. பாஸ்வேர்டு இன்னா தெரியுமா? என் பேருதான்."

"உன் பேரா? அதான் உள்ள போகவே பயமா இருக்குது" என்றார் துரைசாமி. ஆனாலும் போட்டுக்கொண்டார். அவர் மருமகளுக்குச் சொன்னார், மருமகள் பக்கத்து வீட்டுக்குச் சொன்னாள். சாயங்காலம் ஆனால் மேஸ்திரி வீட்டுச் சுற்றுச்சுவரில் ஆட்கள் காக்கா மாதிரி உட்கார்ந்து போன் பார்த்தார்கள். மேஸ்திரி ஈசிசேரைப் போட்டு நடுவில் உட்கார்ந்தார். அந்த இரண்டு சாயங்காலமும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

வியாழக்கிழமை அமிர்தவள்ளி ஒத்திகை பார்க்கலாம் என்றாள். மோடத்தை மேல் அறைக்குக் கொண்டு போய் மெஷின் பக்கத்தில் வைத்தார்கள். அலீனாவுக்கு வீடியோ கால் போட்டார்கள். "ஆன்ட்டி, நீங்க கட்டம் கட்டமா தெரியறீங்க" என்றது குரல். பிறகு குரலும் கட்டம் கட்டமாக வந்தது. பிறகு ஒன்றும் இல்லை.

அமிர்தவள்ளி போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். அதுதான் மேஸ்திரியைச் சுட்டது. மோடத்தைத் தூக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராக இரம் கடைக்குப் போனார்.

"இன்னாமா, ஓட்டைச் சாமானா குடுத்துட்டே?"

இரம் மோடத்தைத் தன் போனோடு இணைத்தாள். அங்கே நெட் குதிரை மாதிரி ஓடியது. ஆனால் உள்ளே எதையோ பார்த்துவிட்டுக் கண்ணை அகல விரித்தாள்.

"இன்னிக்கு ரெண்டு ஜிபில முக்கால்வாசி போச்சே அங்கிள். எத்தினி போனு இதுல மாட்டியிருக்கு தெரியுமா? துரை, துரை மருமவ, குட்டி, இன்னும் யார் யாரோ. தெருவே உங்க வீட்லதான் சாப்பிடுது."

மேஸ்திரிக்குக் காது சூடாகிவிட்டது. "கேட்டாங்க, குடுத்தேன்."

"குடுத்தது தப்பு இல்ல அங்கிள். ஞாயித்துக்கெழம மட்டுமாவது பாஸ்வேர்ட மாத்திடுங்க." அங்கேயே மாற்றிக் கொடுத்தாள். புதுப் பாஸ்வேர்டாக மேஸ்திரி என்ன வைத்தார் என்பது இன்றுவரை அமிர்தவள்ளியைத் தவிர யாருக்கும் தெரியாது.

அன்று சாயங்காலம் சுற்றுச்சுவர் காலி. துரைசாமி மட்டும் வந்தார். "இன்னாப்பா மேஸ்திரி, தண்ணிப் பந்தல் வெச்சு ரெண்டே நாள்ல பூட்டிட்டியே?"

"வீட்ல வேலை இருக்குது. ஞாயிறு கழிச்சு வா."

தெருவில் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குவது மேஸ்திரிக்குப் பழக்கமில்லை. அன்று வாங்கினார். சரி, குற்றவாளி பிடிபட்டான் என்கிற நிம்மதியோடு வெள்ளிக்கிழமை காலை, அன்றைய இரண்டு ஜிபி முழுசாக இருக்கும்போதே, மோடத்தை மேலே வைத்துப் பார்த்தார். இப்போது அதில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் படம் கட்டம் கட்டமாகத்தான் வந்தது.

கடையில் ஓடுகிறது. கீழே ஹாலில் ஓடுகிறது. மேலே மட்டும் ஓடவில்லை. மேஸ்திரி மோடத்தை எடுத்துக்கொண்டு அறைக்கு வெளியே, மொட்டை மாடியின் வெயிலில் போய் நின்றார். நாலு கோடும் நிமிர்ந்து நின்றன. டவர் மலைப்பக்கம் இருக்கிறது, அங்கிருந்து நேராக அடிக்கிறது. ஆஹா என்று மோடத்தைச் சுவருக்கு வெளியிலேயே ஒரு செங்கல்மேல் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்து போனைப் பார்த்தார். இப்போது போனுக்கு மோடமே தெரியவில்லை. ஒரு முழம் தூரம்கூட இல்லை. நடுவில் இருந்தது சுவர் ஒன்றுதான்.

பையொன்றின் ஓரத்தை மடித்து ஒட்டிக்கொண்டிருந்த அமிர்தவள்ளி தலை நிமிராமலே சொன்னாள். "கதவத் தொறங்க."

திறந்தார். ஒரு கோடு ஏறியது. மூடினார். இறங்கியது. மறுபடி திறந்தார், மறுபடி மூடினார். மேற்குப் பக்கக் கதவு, மலைக்கு முதுகைக் காட்டுகிற கதவு. அதைத் திறந்து வைத்தாலும் அந்த ஒரு கோட்டுக்கு மேல் ஏறவில்லை; மோடத்தை அந்தக் கதவோரம் வைத்தாலோ டவருக்கு அறையே மறைப்பு.

"இது உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"இந்த ரூம்பு கட்டினதுலேர்ந்து தெரியும். எங்க அக்கா போன் பண்ணா நான் படிக்கட்டுல போய் நின்னுதானே பேசறேன். பாக்கலையா நீங்க?"

"காத்துக்கு நிக்கறேன்னு நெனச்சேன்."

"காத்துதான் உள்ளயே வருதே. அதத்தான் ஊருக்கெல்லாம் சொல்றீங்களே."

மேஸ்திரி சுவரைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை இரட்டை இரும்பு. காற்று நுழைகிற ஓட்டையில் டவர் நுழையவில்லை. மேலே தகரம். இருபது வருஷம் ஈரத் தோலைத் தாங்கின தகடு. அவர் கையால் வைத்த ஒவ்வொரு வெல்டிங் பொட்டும் வரிசை தவறாமல் நின்றது.

"சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா இன்னா பண்ணுவீங்க? செவுத்த வெட்டுவீங்களா? விருந்தாளி வந்தா காபி குடுக்கறதுக்கு முன்னாடி செவுத்தக் காட்ற மனுஷன் நீங்க." அமிர்தவள்ளி பசை டப்பாவை மூடினாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டம். "வுடுங்க. காட்பாடிக்காரம்மாவும் கஷ்டப்பட்டு செய்யறவங்கதானே. அவங்க பேசட்டும். நான் எப்பவும் போல தெரிஞ்சவங்களுக்கு விக்கறேன்."

மேஸ்திரி கீழே இறங்கிப் போனார். சோறு போட்டாள், சாப்பிட்டார். ரசத்தில் உப்பு இருந்ததா இல்லையா என்றே அவருக்குத் தெரியவில்லை. மெஷினைப் பிரித்துக் கீழே இறக்கலாமா என்று யோசித்தார். மெஷின் தலை மட்டும் என்றால் இறக்கலாம், அடியில் இருக்கும் மோட்டாரும் மேஜையும் அந்தப் படிக்கட்டில் திரும்பாது. சுவரைத் திறக்காமல் எதையும் வெளியே எடுக்க முடியாது. எந்தப் பக்கம் யோசித்தாலும் வழி அந்தச் சுவரிலேயே வந்து முட்டியது.

ஒன்று மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் மேஸ்திரி ஆன அன்று ஷாப்பில் எல்லோர் முன்னாலும் முதலாளி பெயர் சொல்லிக் கூப்பிட்டு மாலை போட்டார். அந்த மாலை காய்ந்து உதிர்ந்த பிறகும் பல நாள் அவர் மார்பு நிமிர்ந்தே இருந்தது. அமிர்தவள்ளியை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. வரிசையில் இத்தனையாம் மெஷின் என்றுதான் கூப்பிட்டார்கள்.

சனிக்கிழமை காலை பக்கத்துத் தெரு வெல்டிங் பட்டறையிலிருந்து இரும்பு அறுக்கும் கிரைண்டரோடு வந்தார் மேஸ்திரி.

"இன்னாங்க இது?" என்றாள் அமிர்தவள்ளி.

"தோலெல்லாம் எடுத்து கீழ வை. பொறி பட்டா பொத்தல் வுழும். மெஷின் மேல ஈரச் சாக்கு போடு."

"வாணாங்க. நெஜமாத்தான் சொல்றேன். நல்ல செவுரு."

"நல்ல செவுருதான். யார் இல்லன்னா? கட்டினவன் நானு. கட்டத் தெரிஞ்சவனுக்குத்தான் எங்க வெட்டணும்னு தெரியும். வேற எவனாவது கை வெச்சா கூரையே சாஞ்சிடும்."

அது உண்மைதான். எந்தத் தகடு தூணைத் தாங்குகிறது, எது சும்மா நிற்கிறது என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மலைப்பக்கச் சுவரில் நடுத் தகட்டில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்தார். கிரைண்டர் கத்தியது. பொறி மத்தாப்பு மாதிரி மாடியைத் தாண்டித் தெருவில் விழுந்தது. சத்தம் கேட்டுத் துரைசாமி வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா மேஸ்திரி! ஏழு பூகம்பம் வந்தாலும் அசையாதுன்னே?"

மேஸ்திரி கிரைண்டரை நிறுத்தினார். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"பூகம்பத்தால முடியாதத நான் பண்றேன். நின்னு பாரு."

"ஏன்பா வெட்றே?"

"வூட்டுக்காரிக்கு ஜன்னல் வேணுமாம்."

துரைசாமிக்கு அடுத்த கேலி வாயில் இருந்தது. ஆனால் என்ன தோன்றியதோ, செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறி வந்து, வெட்டிய தகடு விழாமல் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். இரட்டைத் தகடு, ஒவ்வொன்றும் ஆள் கனம். இரண்டையும் மெதுவாக இறக்கிச் சாய்த்து வைத்தபோது, கட்டிய நாளிலிருந்து அந்த அறைக்குள் வராத வெளிச்சம் சட்டென்று உள்ளே வந்து மெஷின்மேல் விழுந்தது. மலை தெரிந்தது. ரயில் பாதை தெரிந்தது. அமிர்தவள்ளி அப்படியே நின்று பார்த்தாள்.

"நூல் கோக்க லைட்டு போட வேண்டியதில்ல" என்றாள்.

வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்காதபடி மேஸ்திரி மரச்சட்டம் அடித்து இழைத்தார். தோலுக்கு வெயில் ஆகாது என்பதால் மேலே சுருட்டி விடுகிற மாதிரி மூங்கில் தட்டி தொங்கவிட்டார். சட்டத்தின்மேல் மோடத்தை வைத்தார். நாலு கோடு. உள்ளே போனில் படம் நூல் பிசகாமல் ஓடியது. அலீனாவுக்கு வீடியோ கால் போட்டதும், "ஆன்ட்டி, உங்க காதுல இருக்கற கம்மல் கல்லு கூட தெரியுது" என்றாள். அமிர்தவள்ளி கம்மலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் பூசைக்குப் போய் வந்தார்கள். மதியத்துக்கு மேல் மேஸ்திரி வீட்டில் இருந்த மற்ற போன்களையெல்லாம் அணைத்துவிட்டார், தன் போன் உட்பட. நெட்டில் ஒரு துளிகூட வேறு எங்கும் போகக்கூடாது. அதனால் லைவ்வை அவரால் பார்க்க முடியவில்லை. படிக்கட்டில் கடைசிப் படியில் உட்கார்ந்து காவல் இருந்தார். ஒலிபெருக்கியோடு வந்த பிளாஸ்டிக் குடக்காரரை, "அப்பா, அடுத்த தெருவுக்குப் போய்ட்டு அப்புறமா வாப்பா" என்று கெஞ்சி அனுப்பினார். மேஸ்திரி கெஞ்சி அந்தத் தெரு பார்த்ததில்லை. துரைசாமி தன் மருமகள் போனில், சொந்தக் காசு நெட்டில், எதிர்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வப்போது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

மேலேயிருந்து அமிர்தவள்ளியின் குரல் மட்டும் கேட்டது. முதலில் கொஞ்சம் தடுக்கியது. பிறகு மெஷின் ஓட ஆரம்பித்ததும் குரலும் ஓட ஆரம்பித்தது. "இத பாருங்கம்மா, ஓரத்த மெலிசா சீவாம மடிச்சா பையி ரெண்டே மாசத்துல வாயப் பொளந்துக்கும். நாங்க சீவித்தான் மடிப்போம்." யாரோ ஏதோ கேட்டிருக்க வேண்டும். "என் பேரா? அமிர்தவள்ளி. ஆம்பூர். ஆமா, நானேதான் தைக்கறேன், வேற யாரும் இல்ல." சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் யாரோ அந்நியர்களிடம் இப்படித் தொடர்ந்து பேசி மேஸ்திரி கேட்டதேயில்லை. இவ்வளவு பேச்சு அவளுக்குள் இருந்ததா?

கடைசிவரை ஒரு இடத்திலும் உறையவில்லை.

முடிந்ததும் அமிர்தவள்ளி படிக்கட்டின் மேலிருந்து எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் வியர்வை.

"காப்பித்தூள் கலர் பையி எல்லாருக்கும் வேணுமாம். இருந்த அத்தனையும் போச்சு. இன்னும் தைக்கணும். அடுத்த மாசமும் ஒரு ஞாயிறு குடுக்கறேன்னு சொல்லுது அந்தப் பொண்ணு."

"சொன்னேன் இல்ல, நான் மாட்டினா ஓடும்னு."

"சொன்னீங்க, சொன்னீங்க. இப்ப ஒண்ணு கேளுங்க. நான் இப்பவே உக்காந்து வெட்டி வெச்சிடப் போறேன், வெளிச்சம் இருக்கும்போதே. ராத்திரிக்கு நீங்களே தோசை ஊத்திக்குங்க. எனக்கும் ரெண்டு கொண்டாங்க."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேஸ்திரி அடுப்படிக்குப் போனார். எதிர்வாசலில் நின்ற துரைசாமி, "மேஸ்திரி தோசை ஊத்தறாருடோய்" என்று தெருவுக்கே கேட்கும்படி கூவினார்.

கூவட்டுமே. ஈரத் தோலைச் சுருக்கமில்லாமல் விரித்த கைக்கு மாவு எம்மாத்திரம்? அன்று மேஸ்திரி ஊற்றிய தோசை ஒன்றுகூட ஓரம் கோணவில்லை. வேண்டுமானால் அமிர்தவள்ளியைக் கேட்டுப் பாருங்கள், இரண்டு கேட்டவள் நாலு சாப்பிட்டாள்.